ஜாவாவில் திறந்ததை மூடுவது எப்படி: ட்ரை-வித்-ரிசோர்சஸ் முதல் தொலைந்துபோகும் எக்ஸெப்ஷன் வரை

பயன்படாத ஆப்ஜெக்ட்களை அகற்றும் கார்பேஜ் கலெக்டர் கவனிப்பது, ஆப்ஜெக்ட்கள் இருக்கும் ஹீப் மெமரியை மட்டும்தான். ஹீப்பில் இடம் நெருக்கடியானால் அது ஓடும். ஃபைல் டிஸ்கிரிப்டர்கள் (திறந்த ஃபைல், சாக்கெட் ஒவ்வொன்றுக்கும் இயங்குதளம் தரும் எண்கள்) தீர்ந்துகொண்டிருப்பதும், டேட்டாபேஸ் பூலில் (திறந்து தயாராக வைத்திருக்கும் கனெக்‌ஷன்களின் தொகுப்பில்) இருந்த கடைசிக் கனெக்‌ஷன் போய்விட்டதும் அதற்குத் தெரியவே தெரியாது. ஃபைலைத் திறக்கும் ஆப்ஜெக்ட் ஜாவா பக்கம் சில பைட்டுகள்தான். அதற்குப் பின்னால் இயங்குதளம் ஒதுக்கிய டிஸ்கிரிப்டர்களுக்கோ எண்ணிக்கை வரம்பு உண்டு. ஹீப்பில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும்போதே சர்வர் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்று விழுவதற்குக் காரணம் இதுதான்.

ஆப்ஜெக்ட் அகற்றப்படும் முன் அழைக்கப்படும் ஃபைனலைஸ் மெத்தடில் மூடும் வேலையை வைத்தால் போதும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். அது எப்போது ஓடும், எந்த த்ரெட்டில் ஓடும், ஓடுமா என்பதற்கே உத்தரவாதம் கிடையாது. ஜாவா 9-ல் (2017) அதை டெப்ரிகேட் செய்தார்கள், அதாவது இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தார்கள். ஜாவா 18-ல் (2022) பிற்பாடு முழுதாக நீக்கப்படும் என்று குறித்துவிட்டார்கள். அதற்கு மாற்றாக வந்த கிளீனர் கிளாஸும் கடைசிப் பாதுகாப்பு வலை மட்டுமே. அதை முதன்மை வழியாக நம்பி நிரல் எழுதக் கூடாது.

கீழே வரும் எல்லாமே இரண்டு விதிகளிலிருந்து பிறப்பவை. ரிசோர்ஸை (ஃபைல், கனெக்‌ஷன், சாக்கெட் போன்று திறந்து மூட வேண்டியதை) திறக்கும் வரியிலேயே அது எங்கே மூடப்படும் என்பது முடிவாகிவிட வேண்டும். மூடும்போது வேறு எது உடைந்தாலும், முதலில் வந்த எக்ஸெப்ஷன் தொலையக் கூடாது. முதல் விதியைப் பலர் பின்பற்றுகிறார்கள். இரண்டாவதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். நடு இரவில் லாக் (நிரலின் நிகழ்வுப் பதிவு) பார்ப்பவரை அதிகம் அலைக்கழிப்பதும் அதுவே.

ஃபைனலியில் மூடினால் என்ன கெடும்

ரீடருக்கு முதலில் 'நல்' (null, வெற்று மதிப்பு) கொடுத்து, ட்ரைக்குள் திறந்து, ஃபைனலிக்குள் க்ளோஸ் அழைப்பது பழைய பாணி. இன்றும் பல கோட்பேஸ்களில் இருக்கிறது. பார்க்க ஒழுங்காகத் தெரியும் இந்தப் பாணியில் மூன்று ஓட்டைகள்.

திறப்பதே தோற்றால் வேரியபிளின் மதிப்பு 'நல்' ஆகவே இருக்கும். ஃபைனலியில் நல் சோதனை இல்லையென்றால் 'ஃபைல் இல்லை' என்ற உண்மையான பிழைக்குப் பதில் நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன் வெளியே போகும். இரண்டு ரிசோர்ஸை ஒரே ஃபைனலியில் அடுத்தடுத்து மூடினால், முதல் க்ளோஸ் எக்ஸெப்ஷன் வீசிய கணத்தில் இரண்டாவது க்ளோஸ் ஓடாமலே போய்விடும். மூன்றாவது ஓட்டைதான் பெரியது: ட்ரைக்குள் ஒரு எக்ஸெப்ஷன் எழுந்து, ஃபைனலியில் இன்னொன்று எழுந்தால், ஜாவா முதலாவதைச் சத்தமில்லாமல் கைவிட்டு இரண்டாவதை மட்டும் மேலே அனுப்பும். டேட்டாபேஸ் குவெரி டெட்லாக்கில் தோற்றிருக்கும்; லாகில் இருப்பதோ 'கனெக்‌ஷன் ஏற்கெனவே மூடப்பட்டது' என்ற ஒற்றை வரி. நீங்கள் நெட்வொர்க்கைச் சந்தேகித்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஃபைனலிக்குள் ரிட்டர்ன் எழுதுவது இதைவிட மோசம். எழுந்த எக்ஸெப்ஷன் எதுவானாலும் மறைந்து, மெத்தட் வெற்றிகரமாக முடிந்ததுபோல் மதிப்பைத் திருப்பித் தரும். ஜாவாசி கம்பைலரை எக்ஸ்லின்ட் ஆப்ஷனில் ஃபைனலி என்ற வகையோடு இயக்கினால் இதற்கு எச்சரிக்கை வரும். பழைய கோட்பேஸ் கைக்கு வந்தால் முதலில் அந்த எச்சரிக்கையை இயக்கிப் பாருங்கள்.

ட்ரை-வித்-ரிசோர்சஸ்

ஜாவா வல்லுநர் ஜாஷ் பிளாக் 2009-ல் முன்வைத்த திட்டம், பிராஜெக்ட் காயின் என்ற தொகுப்பின் பகுதியாக 2011 ஜூலையில் ஜாவா 7-ல் வந்தது. ட்ரை என்ற சொல்லை அடுத்து வளைவு அடைப்புக்குறி போட்டு, அதற்குள் ரிசோர்ஸை அறிவித்துத் திறக்கிறீர்கள். பிளாக்கை விட்டு எப்படி வெளியேறினாலும், அதாவது இயல்பாக முடிந்தாலும், ரிட்டர்ன் ஆனாலும், பிரேக் ஆனாலும், எக்ஸெப்ஷன் எழுந்தாலும், க்ளோஸ் தானாக அழைக்கப்படும். ஆட்டோக்ளோசபிள் இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்யும் எந்த கிளாஸையும் இங்கே வைக்கலாம்.

சி பிளஸ் பிளஸ் டிஸ்ட்ரக்டரில் பழகியவர்கள் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். அங்கே ஸ்கோப் முடிந்தாலே டிஸ்ட்ரக்டர் ஓடிவிடும். ஜாவாவில் அந்த ட்ரையை நீங்கள் எழுத மறந்தால் ஒன்றுமே நடக்காது. நிரல் எச்சரிக்கையின்றிக் கம்பைல் ஆகிவிடும்.

இது இயங்கும் விதத்தில் தெரிந்திருக்க வேண்டியவை சில.

பல ரிசோர்ஸ்களை அரைப்புள்ளி இட்டுப் பிரித்து அறிவித்தால், திறந்த வரிசைக்குத் தலைகீழாக மூடப்படும். கனெக்‌ஷன், ஸ்டேட்மென்ட், ரிசல்ட்செட் என்று திறந்தால், மூடுவது ரிசல்ட்செட்டில் தொடங்கும். ஒன்றை மூடுவது தோற்றாலும் மற்றவை மூடப்படும்.

ரிசோர்ஸின் மதிப்பு 'நல்' (null) என்றால் க்ளோஸ் அழைக்கப்படாது, பிழையும் வராது.

பிளாக்குக்குள் எழுந்த எக்ஸெப்ஷனே முதன்மையானது. மூடும்போது எழுபவை அதனுடன் சப்ரஸ்ட் எக்ஸெப்ஷன்களாக ஒட்டிக்கொள்ளும். முழு ஸ்டாக் ட்ரேஸை அச்சிட்டால் 'சப்ரஸ்ட்' என்ற தலைப்பின் கீழ் அவை தெரியும். நிரலில் எடுக்க கெட்சப்ரஸ்ட் மெத்தட் இருக்கிறது. பிளாக் நன்றாக முடிந்து, மூடுவது மட்டும் தோற்றால் அந்த எக்ஸெப்ஷன் நேராக வெளியே வரும்.

அதே ட்ரையில் கேட்ச், ஃபைனலி எழுதியிருந்தால், ரிசோர்ஸ்கள் மூடப்பட்ட பிறகே அவை ஓடும். இதன் விளைவை டேட்டாபேஸ் பகுதியில் பார்ப்போம். பலர் தடுக்கி விழும் இடம் அது.

ஜாவா 9 முதல், முன்பே அறிவித்து அதன்பின் மாற்றாத வேரியபிளின் பெயரை மட்டும் அடைப்புக்குறிக்குள் எழுதலாம். வசதிதான். ஆனால் திறந்த வரிக்கும் ட்ரைக்கும் இடையே வேறு வரிகள் நுழைந்தால், அவற்றில் எழும் எக்ஸெப்ஷன் ரிசோர்ஸைத் திறந்தபடியே விட்டுவிடும். முடிந்தவரை அடைப்புக்குறிக்குள்ளேயே திறப்பது நல்லது.

ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றும்போது வரும் கசிவு

ஜிஸிப் ஃபைலைப் படிக்க, ஃபைல்இன்புட்ஸ்ட்ரீமைத் திறந்து, அதே வரியில் ஜிஸிப்இன்புட்ஸ்ட்ரீமின் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்து, வெளி ஆப்ஜெக்டை மட்டும் ட்ரையில் அறிவிப்பது வழக்கம். வெளி ஸ்ட்ரீமை மூடினால் உள்ளிருப்பதும் மூடப்படும் என்பதால் சரி என்று தோன்றும். ஆனால் ஜிஸிப் கன்ஸ்ட்ரக்டர் உடனே ஹெடரைப் படிக்கிறது. ஃபைல் ஜிஸிப் வடிவில் இல்லையென்றால் ஸிப் எக்ஸெப்ஷனும், காலி ஃபைல் என்றால் ஈஓஎஃப் எக்ஸெப்ஷனும் அங்கேயே எழும். அந்த நேரத்தில் ஃபைல் திறந்தாகிவிட்டது. வெளி ஆப்ஜெக்ட் பிறக்கவில்லை. மூடுவதற்கு ட்ரையின் கையில் எதுவும் இல்லை. நல்ல ஃபைல்கள் வரும்வரை பிரச்சினை தெரியாது. யாரோ கெட்ட ஃபைல்களை வரிசையாக அனுப்பிய நாளில் டிஸ்கிரிப்டர்கள் ஒவ்வொன்றாகக் கசியும்.

திருத்தம் எளிது: இரண்டையும் தனித்தனி வரியில், தனித்தனி வேரியபிளாக, ஒரே அடைப்புக்குறிக்குள் அறிவியுங்கள். முதலில் ஃபைல் ஸ்ட்ரீம், அரைப்புள்ளி, அடுத்து அதைச் சுற்றும் ஜிஸிப் ஸ்ட்ரீம். இப்போது இரண்டாவது கன்ஸ்ட்ரக்டர் தோற்றாலும் முதலாவது மூடப்படும். எல்லாம் நன்றாக நடந்தால் ஃபைல் ஸ்ட்ரீமுக்கு இரண்டு முறை க்ளோஸ் போகும். க்ளோசபிள் இன்டர்ஃபேஸின் ஒப்பந்தப்படி இரண்டாவது அழைப்பு எதையும் செய்யக் கூடாது என்பதால் கவலையில்லை. கேரக்டர்செட்டின் பெயரை ஸ்ட்ரிங்காக வாங்கும் இன்புட்ஸ்ட்ரீம்ரீடரிலும் இதே ஆபத்து உண்டு: பெயர் தவறானால் கன்ஸ்ட்ரக்டரே எக்ஸெப்ஷன் வீசும். ஸ்டாண்டர்ட்கேரக்டர்செட்ஸ் கிளாஸில் உள்ள யுடிஎஃப்-8 மாறிலியைக் கொடுத்தால் அந்தப் பிழைக்கே இடமில்லை.

டேட்டாபேஸ்: கனெக்‌ஷன், ட்ரான்ஸாக்‌ஷன், ரோல்பேக்

பூலிலிருந்து எடுத்த கனெக்‌ஷனை மூடினால் உண்மையில் அது அறுபடுவதில்லை, பூலுக்குத் திரும்புகிறது. மூடவில்லையென்றால் திரும்புவதில்லை. ஹிகாரிசிபி என்ற பூல் லைப்ரரியின் இயல்பான அளவு 10 கனெக்‌ஷன்கள். ஏதோ ஒரு அரிதான பிழைப் பாதையில் கனெக்‌ஷன் கசிகிறது என்றால், அந்தப் பாதை பத்து முறை ஓடியதும் பூல் வறண்டுவிடும். அதன்பின் வரும் ஒவ்வொரு கோரிக்கையும் இயல்பான காத்திருப்பு நேரமான 30 விநாடி நின்று, டைம்அவுட் ஆகித் தோற்கும். டேட்டாபேஸ் சர்வரோ வேலையில்லாமல் இருக்கும். இந்த இரண்டு அறிகுறியும் சேர்ந்து வந்தால் கசிவைச் சந்தேகியுங்கள். பூல் அளவை 10-லிருந்து 50 ஆக்குவது, விழும் நேரத்தைத் தள்ளிப்போடுமே தவிர எதையும் சரிசெய்யாது.

அடுத்து ரோல்பேக், அதாவது ட்ரான்ஸாக்‌ஷனில் செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவது. ட்ரை-வித்-ரிசோர்சஸில் கனெக்‌ஷனை அறிவித்து, அதே ட்ரையின் கேட்சில் ரோல்பேக் அழைக்கப் பார்ப்பவர்கள் பலர். அது முடியாது. அந்த வேரியபிள் கேட்சுக்குள் தெரியாது. வெளியே அறிவித்துத் தெரியவைத்தாலும், கேட்ச் ஓடும்போது கனெக்‌ஷன் மூடப்பட்டிருக்கும். கமிட் ஆகாத ட்ரான்ஸாக்‌ஷனோடு கனெக்‌ஷனை மூடினால் என்ன நடக்கும் என்பதை ஜேடிபிசி (ஜாவாவின் டேட்டாபேஸ் இணைப்பு முறை) வரையறை டிரைவரிடமே விட்டுவிட்டது. அதனால் கமிட், ரோல்பேக் இரண்டையும் வெளிப்படையாக எழுத வேண்டும். அதற்கு உள்ளே இன்னொரு ட்ரை வேண்டும். அமைப்பு இப்படி இருக்கும் (கீவேர்டுகளை ஒலிப்பில் தந்திருக்கிறோம்):

ட்ரை (இணைப்பு = பூல்.கெட்கனெக்‌ஷன்()) {
    இணைப்பு.செட்ஆட்டோகமிட்(ஃபால்ஸ்);
    ட்ரை {
        வேலையைச்செய்(இணைப்பு);
        இணைப்பு.கமிட்();
    } கேட்ச் (எக்ஸெப்ஷன் முதல்பிழை) {
        ட்ரை {
            இணைப்பு.ரோல்பேக்();
        } கேட்ச் (எஸ்கியூஎல்எக்ஸெப்ஷன் பின்பிழை) {
            முதல்பிழை.ஆட்சப்ரஸ்ட்(பின்பிழை);
        }
        த்ரோ முதல்பிழை;
    }
}

ரோல்பேக்கைச் சுற்றியுள்ள சிறிய ட்ரையை வீண் சுமை என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். நெட்வொர்க் அறுந்ததால் குவெரி தோற்றிருந்தால், அதே அறுந்த கனெக்‌ஷனில் ரோல்பேக்கும் தோற்கும். அந்தச் சிறிய ட்ரை இல்லையென்றால் ரோல்பேக்கின் புகார் முதல் பிழையை விழுங்கிவிடும். ஆட்சப்ரஸ்ட் அழைப்பால் இரண்டும் ஒரே ட்ரேஸில் வரும்.

இந்த அமைப்பை ஒவ்வொரு இடத்திலும் நகலெடுக்காமல், லாம்டாவை வாங்கும் ஒரே மெத்தடாக எழுதி எல்லாரும் அதையே அழைப்பது நல்லது. ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கைப் பயன்படுத்துபவர்களுக்கு அதன் ட்ரான்ஸாக்‌ஷனல் குறிப்பே இந்த வேலையைச் செய்யும். ஆனால் அது இயல்பாக ரன்டைம் எக்ஸெப்ஷனுக்கும் எர்ரருக்கும் மட்டுமே ரோல்பேக் செய்யும். செக்டு எக்ஸெப்ஷன் (கேட்ச் செய்யவோ அறிவிக்கவோ கம்பைலர் கட்டாயப்படுத்தும் வகை) வெளியேறினால் கமிட் செய்துவிடும். அந்தக் குறிப்பின் ரோல்பேக்ஃபார் அமைப்பில் தேவையான எக்ஸெப்ஷன் வகையைக் கொடுத்து இதை மாற்றலாம்.

எழுதும் ஃபைலில் க்ளோஸின் பிழையே முக்கியம்

படிக்கும் ஸ்ட்ரீமை மூடுவதில் பிழை வந்தால் பெரும்பாலும் இழப்பில்லை. வேண்டிய தரவு கைக்கு வந்துவிட்டது. எழுதும் ஸ்ட்ரீம் அப்படியல்ல. பஃபர்டுரைட்டர் கடைசிப் பகுதியை மெமரியில் வைத்துக்கொண்டிருக்கும். மூடும்போதுதான் அதை ஃபைலுக்குத் தள்ளும். டிஸ்க் நிரம்பியிருந்தால் அந்தப் பிழை க்ளோஸிலிருந்தே வரும். க்ளோஸின் எக்ஸெப்ஷனைக் கேட்ச் செய்து காலி பிளாக்கில் விடும் 'க்ளோஸ்கொயட்லி' வகை உதவி மெத்தட்களை எழுதும் ஸ்ட்ரீமுக்குப் பயன்படுத்தினால், பாதி எழுதிய ஃபைல் வெற்றி என்று பதிவாகும்.

பிரின்ட்ரைட்டரில் இதற்கென்றே ஒரு பொறி இருக்கிறது. அதன் எழுதும் மெத்தட்கள் ஐஓ எக்ஸெப்ஷனை வீசுவதே இல்லை. உள்ளே ஒரு கொடியை ஏற்றிவைக்கும். செக்எர்ரர் அழைத்துப் பார்த்தால்தான் தெரியும். முக்கியமான அறிக்கையையோ பில் தரவையோ எழுத அதைத் தவிர்த்து, பஃபர்டுரைட்டரைப் பயன்படுத்துங்கள்.

பாதி எழுதிய ஃபைல் யார் கண்ணிலும் படக் கூடாது என்றால்: முதலில் அதே அடைவில் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். ட்ரை-வித்-ரிசோர்சஸ் முடிந்து, க்ளோஸ் வெற்றி பெற்ற பிறகு, ஃபைல்ஸ் கிளாஸின் மூவ் மெத்தடை அட்டாமிக்மூவ் ஆப்ஷனோடு அழைத்து உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். மூவ் அழைப்பு ட்ரை பிளாக்குக்கு வெளியே, அதன் பின்னால் இருப்பது அவசியம். உள்ளே வைத்தால் பஃபரில் மிச்சம் இருக்கும்போதே பெயர் மாறும். விண்டோஸில் திறந்திருக்கும் ஃபைலின் பெயரை மாற்ற முடியாமல் பிழையும் வரக்கூடும். தற்காலிக ஃபைலை வேறு அடைவில் வைத்தால் அது வேறு டிஸ்க் பகுதியாக இருந்துவிடலாம். அப்போது அட்டாமிக்மூவ் தோற்கும். மின்சாரம் போனாலும் தரவு நிலைக்க வேண்டுமென்றால், மூடுவதற்கு முன் ஃபைல்சேனலின் ஃபோர்ஸ் மெத்தடை அழைக்க வேண்டும். ஃப்ளஷ் செய்தால் தரவு இயங்குதளத்தின் கையில் போகும். அங்கிருந்து டிஸ்க்கில் இறங்கியதற்கு அது உத்தரவாதமாகாது.

உங்கள் கிளாஸை ஆட்டோக்ளோசபிளாக எழுதுவது

ஆட்டோக்ளோசபிளில் க்ளோஸ் மெத்தட் பொதுவான எக்ஸெப்ஷனை வீசும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கிளாஸில் அதை அப்படியே நகலெடுக்காதீர்கள். பயன்படுத்தும் ஒவ்வொருவரும் எக்ஸெப்ஷனைக் கேட்ச் செய்யக் கட்டாயப்படுத்தப்படுவார்கள். எதுவும் தோற்க வாய்ப்பில்லையென்றால் த்ரோஸ் பகுதியே இல்லாமல் எழுதுங்கள். ஐஓ இருந்தால் ஐஓ எக்ஸெப்ஷன் என்று குறுக்குங்கள். இன்டரப்டட் எக்ஸெப்ஷனைக் க்ளோஸிலிருந்து வீசவே வேண்டாம் என்று ஆட்டோக்ளோசபிளின் ஆவணமே வலியுறுத்துகிறது: அது சப்ரஸ்ட் பட்டியலில் புதைந்துபோனால், த்ரெட்டை நிறுத்தச் சொன்ன கோரிக்கை தொலைந்துவிடும்.

க்ளோஸை எத்தனை முறை அழைத்தாலும் பாதகமில்லாமல் செய்யுங்கள். ஆட்டோக்ளோசபிள் இதைக் கட்டாயமாக்கவில்லை, வலுவாகப் பரிந்துரைக்கிறது. அட்டாமிக்பூலியன் ஒன்றை வைத்து, கம்பேர்அண்ட்செட் மூலம் ஃபால்ஸிலிருந்து ட்ரூ ஆக்க முடிந்தவர் மட்டும் மூடும் வேலையைச் செய்யட்டும். இந்தக் குறியை மூடும் வேலைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். பின்னால் வைத்தால், பாதியில் எக்ஸெப்ஷன் எழுந்தபோது ஆப்ஜெக்ட் இன்னும் திறந்திருப்பதாகக் கணக்காகும். மூடியபின் மற்ற மெத்தட்களை அழைத்தால் இல்லீகல்ஸ்டேட் எக்ஸெப்ஷன் வீசுங்கள்.

உள்ளே இரண்டு மூன்று ரிசோர்ஸ்களை வைத்திருக்கும் கிளாஸில் கவனம் கூட வேண்டும். க்ளோஸுக்குள் அவற்றை வரிசையாக மூடினால், பழைய ஃபைனலியின் இரண்டாவது ஓட்டை திரும்ப வந்துவிடும். க்ளோஸ் மெத்தடுக்குள்ளேயே ஒரு ட்ரை-வித்-ரிசோர்சஸ் எழுதி, ஃபீல்டுகளை அதில் பட்டியலிட்டு, பிளாக்கைக் காலியாக விடுங்கள். தலைகீழ் வரிசை, சப்ரஸ்ட் கணக்கு எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். கன்ஸ்ட்ரக்டரிலும் இதே எச்சரிக்கை தேவை. சாக்கெட்டைத் திறந்து, அடுத்த வரியில் லாக் ஃபைலைத் திறக்கையில் பிழை வந்தால், உங்கள் ஆப்ஜெக்ட் முழுமை அடையவில்லை. அதன் க்ளோஸை யாரும் அழைக்க மாட்டார்கள். கன்ஸ்ட்ரக்டருக்குள் கேட்ச் வைத்து, அதுவரை திறந்ததை மூடிவிட்டு, அதே எக்ஸெப்ஷனை மீண்டும் வீசுங்கள்.

யார் மூட வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே பதில்: திறந்தவர். வெளியிலிருந்து ஸ்ட்ரீமை ஆர்க்யுமென்டாக வாங்கும் மெத்தட் அதை மூடக் கூடாது. ஸ்கேனரை சிஸ்டம்.இன் மீது வைத்து மூடினால் சிஸ்டம்.இன்னே மூடப்படுகிறது, அதன்பின் இன்னொரு ஸ்கேனர் படிக்கப் போனால் நோசச்எலிமென்ட் எக்ஸெப்ஷன்தான் கிடைக்கும். ஜாவா படிக்கத் தொடங்கும் மாணவர்கள் குழம்பிப்போகும் பிழை இது. பொறுப்பைக் கைமாற்றும் மெத்தட் என்றால், 'இதை வாங்கியவர் மூட வேண்டும்' என்று ஜாவாடாக்கில் எழுதிவிடுங்கள்.

லாக்குகள்

இங்கே லாக் என்பது, ஒரே நேரத்தில் ஒரு த்ரெட்டுக்கு மட்டும் வழிவிடும் பூட்டு. ரீஎன்ட்ரன்ட்லாக் ஆட்டோக்ளோசபிள் அல்ல. அதற்கு ஃபைனலியே சரியான வழி. லாக் அழைப்பு ட்ரைக்கு வெளியே, நேர் மேல் வரியில் இருக்க வேண்டும், அன்லாக் ஃபைனலியில். லாக்கை ட்ரைக்குள் வைத்து, அதைப் பிடிப்பதே தோற்றால், பிடிக்காத லாக்கை ஃபைனலி விடுவிக்கப் போய் இல்லீகல்மானிட்டர்ஸ்டேட் எக்ஸெப்ஷன் எழும். மூல பிழை மறையும்.

ஜாவா 19 முதல், வேலைகளைத் த்ரெட்களில் ஓட்டும் எக்ஸிக்யூட்டர்சர்வீஸும் ஆட்டோக்ளோசபிள். ஆனால் அதன் க்ளோஸ், கொடுத்த வேலைகள் அனைத்தும் முடியும்வரை காத்திருக்கும். முடிவே இல்லாத ஒரு டாஸ்க் உள்ளே இருந்தால் உங்கள் ட்ரை பிளாக் அங்கேயே நின்றுவிடும்.

எங்கே கேட்ச் செய்வது, எப்படி மேலே அனுப்புவது

மூடும் வேலையை ட்ரை பார்த்துக்கொண்டால், கேட்ச் எழுத வேண்டிய இடங்கள் வெகுவாகக் குறையும். பிழையைக் கேட்டு ஏதாவது செய்ய முடிந்தால் மட்டும் கேட்ச் எழுதுங்கள்: மறுமுயற்சி, மாற்று வழி, பயனருக்குச் செய்தி, அல்லது மேல் அடுக்குக்குப் புரியும் எக்ஸெப்ஷனாக மாற்றுவது. இவை எதுவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், மேலே போகட்டும்.

மாற்றி வீசும்போது மூல எக்ஸெப்ஷனைப் புதியதன் கன்ஸ்ட்ரக்டருக்குக் காரணமாகக் கொடுக்க வேண்டும். கெட்மெசேஜ் ஸ்ட்ரிங்கை மட்டும் ஒட்டிப் புதியது படைத்தால் ஸ்டாக் ட்ரேஸும் சப்ரஸ்ட் பட்டியலும் அங்கேயே அறுந்துவிடும். செய்தியில் தரவு இருக்கட்டும்: எந்த ஃபைல், எந்த ஆர்டர் எண், எத்தனையாவது வரி. 'பிழை ஏற்பட்டது' என்ற செய்தியால் யாருக்கும் பயனில்லை. கடவுச்சொல்லும் கார்டு எண்ணும் செய்தியில் இடம்பெறவே கூடாது.

ஒரே பிழையை ஒவ்வொரு அடுக்கிலும் லாக் செய்து மீண்டும் வீசும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரே தோல்வி நான்கு ட்ரேஸாக லாகில் வந்தால், நான்கு தோல்விகள் என்று எண்ணத் தோன்றும். லாக் செய்யுங்கள், அல்லது வீசுங்கள். இரண்டில் ஒன்று போதும். எஸ்எல்எஃப்4ஜே லாகிங் லைப்ரரியைப் பயன்படுத்தினால், எக்ஸெப்ஷனைக் கடைசி ஆர்க்யுமென்டாக, செய்தியில் அதற்கென்று {} குறி ஒதுக்காமல் கொடுத்தால்தான் முழு ட்ரேஸ் பதிவாகும்.

இன்டரப்டட் எக்ஸெப்ஷனைக் கேட்ச் செய்து, அதை மீண்டும் வீச முடியாத இடமானால், நடப்பு த்ரெட்டின் இன்டரப்ட் மெத்தடை அழைத்துக் கொடியை மீண்டும் ஏற்றுங்கள். த்ரோயபிளைக் கேட்ச் செய்வதைத் தவிருங்கள். அவுட்ஆஃப்மெமரி எர்ரரை விழுங்கிவிட்டுத் தொடரும் சர்வர் என்ன நிலையில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

எளிதில் தப்பும் இடங்கள்

ஃபைல்ஸ் கிளாஸின் லைன்ஸ், லிஸ்ட், வாக், ஃபைண்ட் ஆகிய நான்கும் ஸ்ட்ரீம் தருகின்றன. நான்கும் பின்னணியில் ஃபைலையோ அடைவையோ திறந்து வைத்திருக்கின்றன. கலெக்ட், ஃபார்ஈச் போன்ற முடிவு ஆப்பரேஷன் ஸ்ட்ரீமை மூடாது. மெமரியில் உள்ள லிஸ்ட், செட் போன்ற தொகுப்பிலிருந்து எடுத்த ஸ்ட்ரீமை யாரும் மூடுவதில்லை, தேவையும் இல்லை. அந்தப் பழக்கத்திலேயே இவற்றையும் விட்டுவிடுகிறோம். கோட் ரிவ்யூவில் இவை ட்ரைக்கு வெளியே தென்பட்டால் திருப்பி அனுப்புங்கள்.

இதற்கு எதிரான தவறும் உண்டு: ட்ரைக்குள் லைன்ஸைத் திறந்து, ஃபில்டர் மட்டும் போட்டு, அந்த ஸ்ட்ரீமையே ரிட்டர்ன் செய்வது. ஸ்ட்ரீம் சோம்பலாக இயங்குவது; அழைத்தவர் படிக்கத் தொடங்கும்போது ஃபைல் மூடியிருக்கும். ட்ரைக்குள்ளேயே லிஸ்டாகத் திரட்டித் திருப்புங்கள். ஃபைல் மிகப் பெரிது என்றால், வரியைக் கையாளும் லாம்டாவை உள்ளே வாங்கிக்கொள்ளுங்கள்.

சிஸ்டம்.எக்ஸிட் அழைத்தால் ட்ரை-வித்-ரிசோர்சஸின் க்ளோஸும் ஓடாது, ஃபைனலியும் ஓடாது. ஷட்டவுன் ஹுக்குகள் மட்டும் ஓடும். கில் -9 அனுப்பினால் அவையும் ஓடா.

சோதிப்பதும் கசிவைப் பிடிப்பதும்

மூடும் வழியைச் சோதிக்க ஒரு போலி ரிசோர்ஸ் கிளாஸ் போதும்: க்ளோஸ் எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று எண்ணட்டும், கேட்டால் க்ளோஸிலேயே எக்ஸெப்ஷன் வீசட்டும். நான்கு நிலைகளையும் சோதியுங்கள்: இரண்டும் நலம், பிளாக் மட்டும் தோல்வி, க்ளோஸ் மட்டும் தோல்வி, இரண்டுமே தோல்வி. கடைசி நிலையில் ஜேயூனிட் டெஸ்ட் லைப்ரரியின் அசர்ட்த்ரோஸ் திருப்பித் தரும் எக்ஸெப்ஷன் பிளாக்கினுடையதா, அதன் கெட்சப்ரஸ்ட் நீளம் 1 தானா என்று பாருங்கள். விண்டோஸ் கணினியில் டெஸ்ட் முடிவில் தற்காலிக அடைவை நீக்க முடியவில்லை என்று பிழை வந்தால் அதை எரிச்சலோடு ஒதுக்காதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபைல் மூடப்படாமல் இருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வரில், ப்ராக் அடைவுக்குள் உங்கள் ப்ராசஸ் எண் கொண்ட அடைவில் எஃப்டி என்ற துணை அடைவு இருக்கும். அதில் உள்ளவற்றின் எண்ணிக்கையே திறந்திருக்கும் டிஸ்கிரிப்டர்களின் எண்ணிக்கை. சில நிமிட இடைவெளியில் எண்ணிப் பாருங்கள். சுமை குறைந்த பிறகும் எண் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. எல்எஸ்ஓஎஃப் கட்டளை ஒவ்வொன்றும் எந்த ஃபைல், எந்த சாக்கெட் என்று காட்டும். ஒரே பாதை நூற்றுக்கணக்கில் வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. வரம்பைத் தெரிந்துகொள்ள டெர்மினலில் யூலிமிட் -n அடித்து வரும் 1024 போன்ற எண்ணை நம்பாதீர்கள். ஹாட்ஸ்பாட் ஜேவிஎம் லினக்ஸில் தொடங்கும்போதே தன் மென்வரம்பைக் கடின வரம்பு வரை உயர்த்திக்கொள்ளும். உண்மை எண், அதே ப்ராசஸ் அடைவில் லிமிட்ஸ் என்ற ஃபைலில் இருக்கிறது.

கனெக்‌ஷன் கசிவுக்கு ஹிகாரிசிபியின் லீக்டிடெக்‌ஷன்த்ரெஷோல்ட் அமைப்பை இயக்குங்கள். இயல்பில் அது 0, அதாவது அணைந்திருக்கும். குறைந்தபட்சம் 2000 மில்லிவிநாடி. உங்கள் நீளமான குவெரி எடுக்கும் நேரத்தைவிடக் கூடுதலாக, உதாரணமாக 60000, வையுங்கள். குறைவாக வைத்தால் ஒழுங்கான குவெரியையும் கசிவு என்று எச்சரிக்கும். அந்த நேரம் கடந்தும் திரும்பாத கனெக்‌ஷனை எந்த வரி எடுத்தது என்பதை ஸ்டாக் ட்ரேஸோடு லாகில் எழுதும். கனெக்‌ஷனைப் பிடுங்கிக்கொள்ளாது, காட்டிக்கொடுக்க மட்டும் செய்யும். அந்த ட்ரேஸில் உங்கள் பேக்கேஜ் பெயர் வரும் முதல் வரிக்குப் போங்கள். பெரும்பாலும் அங்கே கெட்கனெக்‌ஷன் அழைப்பு ட்ரையின் அடைப்புக்குறிக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும்.